பரத்தன் எங்கே?

மனைவி இருக்கப் பிற பெண்ணை நாடிச் செல்லும் கணவனுக்குத் தமிழில் ஒரு பெயர் சொல்லுங்கள் என்று கேட்டுப் பாருங்கள். தமிழ் கற்றவரும் சற்றே தயங்குவர். கணவன் இருக்கப் பிற ஆடவனை நாடும் மனைவிக்குப் பெயர் கேளுங்கள். எழுத்தறியாதவரும் ஏழெட்டுப் பெயர்களை மூச்சு விடாமல் அடுக்குவர். அவற்றுள் பாதி இந்த ஏட்டில் அச்சேறத் தகாதவை. செயல் ஒன்றே. மீறப்பட்ட வாக்கும் ஒன்றே. ஆயினும் அவளைச் சுட்டச் சொற்கள் குவிந்து கிடக்கின்றன. அவனைச் சுட்டச் சொல்லைத் தேட வேண்டியிருக்கிறது. இதனை மொழியின் வறுமை என்பதா? அரும்பென்றும் முகையென்றும் மலரென்றும் அலரென்றும் வீயென்றும் பூவின் நிலைக்கொரு பெயர் வைத்த மொழி இது! அதற்கு இந்த ஒரு சொல்லா பஞ்சமாகி விட்டது?

இல்லை, தோழர்களே! சொல் இருந்தது. பரத்தன் என்பது அச்சொல். திருக்குறளின் 1311ஆம் குறளில், புலவி நுணுக்கம் என்னும் அதிகாரத்தின் தொடக்கத்திலேயே, அது நிற்கிறது. பேசுபவள் மனைவி. கேட்பவன் கணவன். ஊர்ப் பெண்கள் எல்லாரும் உன்னைக் கண்ணால் பொதுவாக நுகர்கின்றனர், அப்படிப்பட்ட மார்பை நான் நெருங்க மாட்டேன் என்று முகத்தெதிரே சொல்லும் அவள், அவனை விளிக்கும் பெயர் அது. பஞ்சாயத்தார் சூட்டிய பெயரன்று. பக்கத்து வீட்டார் கிசுகிசுத்த பெயரன்று. உரிமையுள்ளவள், உரிமையோடு, நேரில் சொன்ன பெயர்.

“அது ஊடலின் விளையாட்டன்றோ? அவன் உண்மையில் தவறியவன் அல்லனே!” என்று புலவர் சிலர் குறுக்கிடக் கூடும். ஆம், காரணமின்றி ஊடும் நயத்தைப் பாடுவதுதான் அந்த அதிகாரம். ஆனால், விளையாட்டாகச் சொல்வதற்கேனும் ஒரு சொல் நாட்டில் வழங்கியிருக்க வேண்டாமா? வழங்காத சொல்லைக் கொண்டு ஊட முடியுமா? அன்றைய மனைவியின் நாவில் அச்சொல் எளிதாக எழுந்தது. இன்றைய மனைவியின் நாவில் அது இல்லை. இடையில் அச்சொல்லைக் களவாடியவர் யார் என்பதுதான் நாம் எழுப்பும் கேள்வி.

சொல்லின் பிறப்பைச் சற்றே பார்ப்போம். பரத்தை, பரத்தன், பரத்தமை என்னும் மூன்றும் ஒரு குடும்பத்துச் சொற்கள். பரத்தல் என்றால் பரவுதல். ஓரிடத்தில் நில்லாமல் பலவிடத்தும் செல்லுதல். அதிலிருந்து வந்தது என்று கொள்வாரும் உண்டு. அயல் என்று பொருள்படும் ‘பர’ என்னும் வடசொல்லிலிருந்து வந்தது என்பாரும் உண்டு. எவ்வழி கொண்டாலும் நமக்கு வேண்டிய செய்தி ஒன்றே: அவ்வேரில் ஆண் பெண் என்ற வேற்றுமை இல்லை. பரவுவது ஆணுக்கும் கூடும், பெண்ணுக்கும் கூடும். அயலை நாடுவதும் அப்படியே.

இதைவிட வியப்பான செய்தி ஒன்றுண்டு. பரத்தை என்பது வழுவிய மனைவியின் பெயரன்று. அவள் யாருக்கும் மனைவியாக வாக்களித்தவளே அல்லள். பரத்தன் என்பதோ வழுவிய கணவனின் பெயர். அகப்பொருள் மரபில் மனைவி வழுவுவதற்கென்று ஒரு துறை கிடையாது. கணவன் வழுவுவதற்கோ, மருதம் என்று ஒரு திணையே ஒதுக்கப்பட்டிருக்கிறது! ஐங்குறுநூற்றில் ஓரம்போகியார் பாடிய முதல் நூறும், கலித்தொகையில் மருதனிளநாகனார் பாடிய மருதக்கலியும் அவன் வழுவலையும் அவள் சினத்தையுமே பாடுகின்றன. ஆக, இல்லற வாக்கை மீறுபவன் யார் என்பதில் பழந்தமிழருக்கு ஐயம் இருந்ததில்லை.

அதற்காகச் சங்ககாலம் பெண்ணுக்குப் பொற்காலம் என்று முரசு கொட்ட நாம் வரவில்லை. அவள் சினந்து கதவடைத்த மறுகணமே அவளைத் தணிக்க ஒரு படை புறப்படுகிறது. வாயில்கள் என்று தொல்காப்பியம் அவர்களை எண்ணுகிறது: தோழி, தாய், பார்ப்பான், பாங்கன், பாணன், பாட்டி, இளையர், விருந்தினர், கூத்தர், விறலியர், அறிவர், கண்டோர். பன்னிருவர்! தவறியவன் ஒருவன், பொறுத்துக்கொள் என்று சொல்லப் பன்னிருவர். அவனைத் திருத்த ஒருவரேனும் உண்டா என்று பட்டியலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் பாங்கனையும் அறிவரையும்தான் சற்று நம்பலாம் போலிருக்கிறது.

உரைகாரர் காலத்தில் இன்னொரு வேலை நடந்தது. இற்பரத்தை, காதற்பரத்தை, சேரிப்பரத்தை என்று பெண்ணை மூன்று கூறாக வகுத்தனர். அந்த மூவரிடமும் போய் வந்தவனுக்கு என்ன பெயர்? தலைவன்! பாட்டில் ஊரன், மகிழ்நன், உரையில் தலைவன். தலைவனுக்கு வகையும் இல்லை, வசையும் இல்லை. நாம் வகுப்பறையில் அகத்திணை நடத்துகையில் பாடநூல் நமக்குத் தருவதும் இந்தப் பெயரைத்தான். பரத்தையிற் பிரிவு என்பதற்குப் பொருள் எழுதும் மாணவன், ‘தலைவன் பரத்தையை நாடிப் பிரிதல்’ என்று எழுதி மதிப்பெண் வாங்குகிறான். பரத்தன் என்ற சொல் அவன் கண்ணில் படுவதில்லை. ஏனெனில் பள்ளியில் குறள் என்றால் அறத்துப்பாலும் பொருட்பாலும்தான். காமத்துப்பால் பிள்ளைகளைக் கெடுத்துவிடும் என்று அஞ்சுகின்றனர். தெருவில் கேட்கும் வசைச்சொற்கள் கெடுக்காத பிள்ளையை வள்ளுவரா கெடுத்துவிடப் போகிறார்?

பரத்தன் பின்வாங்கிய இடத்தில் வந்து அமர்ந்தது விபசாரி என்னும் வடசொல். இதன் வரலாறு சுவையானது. வி, அபி என்னும் முன்னொட்டுகளோடு செல்லுதலைக் குறிக்கும் ‘சர்’ என்னும் வினை சேர்ந்து பிறந்தது. வழியை விட்டு விலகிச் செல்லுதல் என்பது அதன் நேர்பொருள். வடமொழித் தருக்க நூலார், ஒரு காரணம் தான் நிறுவ வந்த முடிவை விட்டு நழுவிப் போனால் அதனை விபசாரம் என்றனர். பரதரின் நாட்டிய நூல், மனத்தில் வந்து வந்து மறையும் 33 நிலைகளை விபசாரி பாவங்கள் என்கிறது. நாணமும் கவலையும் சோம்பலும் களிப்பும் அவற்றுள் அடங்கும். இங்கெல்லாம் வசையும் இல்லை, பெண்ணும் இல்லை.

மேலும் கேளுங்கள். வடமொழி இலக்கணப்படி அந்த ‘இ’ ஈற்றுச் சொல் ஆண்பால்! பெண்பால் வேண்டுமானால் ‘இணி’ என்று முடிய வேண்டும். ஆண்பாற் சொல்லை வாங்கி வந்து பெண்ணின் தலையில் கட்டியிருக்கிறோம். “தமிழ்ச் செவிக்கு ‘இ’ என்று முடிந்தால் பெண்பாலாகத் தோன்றும், அதனால் நேர்ந்த பிழை” என்று இதற்கு ஒரு சமாதானம் உண்டு. அப்படியானால் துரோகி யார்? பாவி யார்? யோகி, ஞானி, தியாகி? இவையெல்லாம் அதே ஈற்றோடு தமிழுக்கு வந்தவைதாமே! துரோகி என்றதும் பெண் நினைவுக்கு வருகிறாளா? ஞானி என்றதும் ஆடவன்தானே தாடியோடு வந்து நிற்கிறான்! ஈறு ஒன்று, இலக்கணம் ஒன்று. பெருமைச் சொல் ஆணுக்குப் போயிற்று. இழிசொல் பெண்ணுக்கு வந்தது. இது இலக்கணத்தின் குற்றமன்று. பங்கு பிரித்தவரின் குற்றம். பின்னர், ஆணையும் குறித்தே தீரவேண்டிய இடம் வந்தபோது, விபசாரன் என்று புதிதாக ஒன்றை ஒட்டுப்போட்டுச் செய்தனர். அது நூலோடு நின்றது, தெருவுக்கு வரவில்லை.

இன்றைய வழக்கில் விபசாரம் என்றால் உடலை விற்றல் என்றே ஆகிவிட்டது. வறுமையால் விற்கப்பட்டவளும், மனம் மாறிய மனைவியும் ஒரே சொல்லுக்குள் தள்ளப்பட்டுவிட்டனர். வாங்கியவனுக்கு அங்கேயும் பெயரில்லை!

அடுத்த சொற்கூட்டம் திருட்டைச் சேர்ந்தது. சோரம் என்றால் களவு. சோரம் போனாள் என்பர், சோரம் போனான் என்பாரில்லை. கள்ளக்காதல், கள்ளப்புருஷன், கள்ளத்தொடர்பு! தாம்பரம் ரயில் நிலையத்துக்கு வெளியே, பேருந்துக்கு நிற்கும் கூட்டத்துக்கு எதிரே, பத்திரிகைக் கடையில் தொங்கும் சுவரொட்டிகளில் எத்தனை ஆண்டுகளாக இந்தச் சொற்களைப் பார்த்து வருகிறோம்! களவென்றால் உடைமை இருக்க வேண்டும். உடையவன் இருக்க வேண்டும். இங்கே களவு போன பொருள் எது? மனைவி. உடையவன் யார்? கணவன். களவு என்ற சொல்லுக்கு நேர்ந்த கதியும் எண்ணத்தக்கது. மணத்துக்கு முன் இருவர் தாமே கண்டு தாமே கலந்த காதலைத் தொல்காப்பியர் களவு என்றார். அதில் இழிவு துளியும் இல்லை. இருவரின் மறைவுக்கு இட்ட பெயர், ஒருவனின் உடைமைக்குக் காவல் நிற்கும் பெயராகி விட்டது.

இது சொல்லோடு நின்றிருந்தால் புலவர்களோடு வழக்காடிவிட்டுப் போகலாம். சட்டமும் இதே கண்ணோடு பார்த்தது. 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 497ஆம் பிரிவு, ஒருவன் மனைவியோடு இன்னொருவன் உறவு கொண்டால் ஐந்து ஆண்டு வரை சிறை என்றது. ஆனால் எப்போது? கணவனின் இசைவோ உடந்தையோ இல்லாதபோது! அவன் இசைந்தால் குற்றமே இல்லை. மனைவியைக் கேட்டார்களா? இல்லை. மணமான ஆடவன் மணமாகாத பெண்ணோடோ கைம்பெண்ணோடோ உறவு கொண்டால் அந்தப் பிரிவில் குற்றமில்லை. அவன் மனைவி வழக்குத் தொடரவும் வழியில்லை. தவறிய மனைவிக்குத் தண்டனை இல்லை என்பதைக் காட்டிப் பெண்ணுக்கு இது சலுகை என்று பேசினர். களவு போன பசுவைச் சிறையில் அடைப்பார் உண்டோ? 1954இலும் 1985இலும் இப்பிரிவு உச்சநீதிமன்றத்தில் நிலைத்து நின்றது. 2018 செப்டம்பர் 27 அன்றுதான், சோசப் ஷைன் வழக்கில், ஐந்து நீதிபதிகளும் ஒருமித்து அதனைச் செல்லாததாக்கினர். கணவன் மனைவிக்கு எசமானன் அல்லன் என்பதை இந்நாட்டின் உச்சநீதிமன்றம் எடுத்துச் சொல்ல 158 ஆண்டுகள் வேண்டியிருந்தன! குற்றம் போயிற்று, மணவிலக்குக்குரிய காரணமாக மட்டும் அது நிற்கிறது. அங்கேனும் இரு பாலாருக்கும் ஒரே அளவுகோல்.

வடசொல்லை விலக்கித் தமிழ்ச்சொல்லைப் பெய்தால் இந்த நோய் தீரும் என்று நம்முள் பலர் எண்ணுகின்றனர். தாம்பரத்துக்கு அருகே உள்ள பல்லாவரத்தில்தான் மறைமலை அடிகள் 1911 முதல் 1950இல் மறையும் வரை வாழ்ந்தார். சுவாமி வேதாசலம் என்ற தம் பெயரையே மறைமலை என்று மாற்றிக்கொண்டு, 1916இல் தனித்தமிழ் இயக்கம் கண்டவர் அவர். அந்தத் தொண்டுக்குத் தமிழினம் கடன்பட்டிருக்கிறது. எனினும், சொல்லின் மேலிருந்த ஆரியத் தூசைத் துடைப்பது வேறு. சொல்லுக்குள் இருக்கும் எசமானனை வெளியேற்றுவது வேறு. விபசாரத்துக்கு ஈடாக நாம் பெருமையோடு கையாளும் தூய தமிழ் எது? பிறன்மனை நயத்தல்! பிறன் யார்? இன்னோர் ஆண். மனை எது? வீடும் அதுவே, மனைவியும் அதுவே. வேலி தாண்டி அடுத்தவன் வீட்டில் நுழையாதே என்ற அறிவுரையில், அந்த வீட்டுக்குள் மனமும் வாயும் உள்ள ஒருத்தி இருக்கிறாள் என்ற நினைவே இல்லை. அறத்துப்பாலின் பிறனில் விழையாமை அதிகாரமும் இதே பார்வையுடையதுதான். ‘பிறள் கணவனை நயத்தல்’ என்று சொல்லிப் பாருங்கள், சொல் ஒட்டவில்லை. கணவன் யாருடைய மனையும் அல்லனே!

பேச்சு வழக்கிலும் இந்த வீட்டுக் கணக்கு விடவில்லை. சின்னவீடு என்கின்றனர். 1985இல் அப்பெயரில் ஒரு திரைப்படமே வந்தது. வைப்பாட்டி என்ற சொல்லில் வைக்கப்பட்டவளுக்குப் பெயர் இருக்கிறது, வைத்தவனுக்கு இல்லை.

மேலைநாட்டார் யோக்கியதையும் இதுதான். அடல்ட்டரி என்னும் ஆங்கிலச் சொல் இலத்தீனிலிருந்து வந்தது. கலப்படம் செய்து கெடுத்தல் என்பது அதன் பழம்பொருள். எது கெட்டது? குடும்பத்தலைவனின் வாரிசுக் கால்வழி! அகஸ்டஸ் காலத்து உரோமச் சட்டமும் மணமான பெண் தொடர்புபட்டால்தான் அதனைக் குற்றமாகக் கண்டது. கக்கோல்டு என்று இன்னொரு சொல், அயற்கூட்டில் முட்டையிடும் குயிலினப் பறவையின் பெயரிலிருந்து வந்தது. மனைவியால் ஏமாற்றப்பட்ட கணவனை எள்ளும் சொல். ஏமாற்றப்பட்ட மனைவிக்குக் கக்குவீன் என்று ஒரு சொல்லை 16ஆம் நூற்றாண்டில் ஆக்கினர். அது வழக்கொழிந்தது. ஷேக்ஸ்பியரின் நாட்டிலும் பரத்தனுக்கு நேர்ந்த கதிதான்!

நம் நாட்டில் தவறிய ஆடவனுக்கு உள்ள சொற்களையும் எடை போட வேண்டும். பெண்பித்தன், காமுகன், சல்லாபி. இவை அவன் ஆசையின் அளவைச் சொல்கின்றன. மனைவிக்குத் தந்த வாக்கை மீறினான் என்பதைச் சொல்லவில்லை. மணமாகாதவனுக்கும் இவை பொருந்தும். இன்னொன்று மைனர். உரிய வயது எய்தாதவனைக் குறிக்கும் சட்டச்சொல். சொத்துக்கு வாரிசான செல்வப் பிள்ளைகளின் பட்டமாகி, அவர்கள் போன போக்கால் ஊர்சுற்றிக் காமுகரின் பட்டமாயிற்று. அவன் கழுத்துச் சங்கிலிக்குக்கூட மைனர் சங்கிலி என்று பெயர் சூட்டி நகைக்கடையில் விற்கின்றனர். பெண்ணுக்கு வாய்த்த பெயரை வைத்து எந்த நகைக்கடையாவது நகை விற்குமா? ஒருத்தியோடு மட்டும் வாழ்ந்தவனுக்கு ஏகபத்தினி விரதன் என்று இராமாயணப் பெருமை வேறு. அவளுக்குக் கடமை, அவனுக்கு விரதம்!

நம் இயக்க மேடையையும் இந்தத் தராசில் வைத்தாக வேண்டும். ‘இரத்தக்கண்ணீர்’ 1954இல் திரைக்கு வந்தது. திருவாரூர் தங்கராசு எழுத, எம்.ஆர். இராதா நடித்த மோகனசுந்தரம், மனைவி சந்திராவைத் துறந்து காந்தாவை நாடி, தொழுநோயுற்று, கடைசியில் தன் மனைவியைத் தன் நண்பன் பாலுவுக்கு மணம் முடித்து வைக்கிறான். கணவன் உயிரோடிருக்க மனைவிக்கு மறுமணம்! மேடையில் அதைச் சொல்ல வேறு யாருக்குத் துணிவிருந்தது? தவறிய கணவனை நடுவில் நிறுத்தித் தோலுரித்த துணிவை எவரும் மறுக்க முடியாது. ஆயினும் ஒன்று கேட்கிறோம். கதை முடிந்து வெளியே வந்த கூட்டம் காந்தாவுக்குப் பெயர் வைத்தது. அப்பெயர் பெண்குலத்தின் மேல் வீசும் வசையாக இன்றும் பயன்படுகிறது. மோகனசுந்தரத்துக்கு என்ன பெயர் வைத்தது? அவன் பேச்சைப் பேசிக் காட்டிக் கைதட்டல் வாங்கிற்று. அந்தப் பாத்திரத்தின் எள்ளல் நாவன்மை, அவன் குற்றத்தையே ஓரளவு மறைத்துவிட்டது என்பது நம் கருத்து. கலை வென்ற இடத்தில் கண்டனம் இளைத்தது.

தந்தை பெரியார் இதனை வேரோடு பிடித்தார். ‘பெண் ஏன் அடிமையானாள்?’ நூலில் கற்புக்கு ஒரு கட்டுரை, விபசாரத்துக்கு ஒரு கட்டுரை, வள்ளுவரும் கற்பும் என்று ஒரு கட்டுரை. கற்பும் விபசாரமும் நடைமுறையில் பெண்ணை மட்டுமே கட்டும் சொற்களாக இருக்கின்றன என்பதே அவர் வாதம். வள்ளுவரையும் அவர் விடவில்லை. வாழ்க்கைத் துணைநலத்தை அவர் கண்டித்தது முற்றிலும் நேர்மையே என்று நாம் கருதுகிறோம். ஆனால், அதே வள்ளுவர் காமத்துப்பாலில் பெண்ணைப் பேச விட்டபோது, அவள் வாயில் பரத்தன் என்ற சொல் வந்திருக்கிறது. அறம் உரைத்த ஆண் மறைத்ததை ஊடிய பெண் சொல்லிவிட்டாள்! அந்தச் சான்றை நாம் ஏன் பயன்படுத்தாமல் விடவேண்டும்?

தாம்பரத்திலிருந்து தெற்கே ஒரு மணி நேர ரயில் தொலைவில் செங்கற்பட்டு. 1929 பிப்ரவரி 17, 18 நாட்களில் அங்கே கூடிய முதல் மாகாண சுயமரியாதை மாநாடு, மணத்தை விலக்கிக்கொள்ளும் உரிமை கணவன் மனைவி இருவருக்கும் வேண்டும் என்று தீர்மானித்தது. பெண்ணுக்குச் சம சொத்துரிமையும் கேட்டது. அண்ணா ஆட்சியில், 1967இல் இயற்றிய சட்டத்திருத்தம் சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பைத் தந்தது. புரோகிதனின்றி, இருவர் சமமாக நின்று செய்துகொள்ளும் வாழ்க்கை ஒப்பந்தம் அது. ஒப்பந்தத்தை மீறினால் அது வாக்குத் தவறுதல், திருட்டன்று. அப்படியானால் அதற்குரிய சொல்லும் களவுப் பேச்சாக இருக்கக் கூடாதன்றோ?

அண்மை ஆண்டுகளில் ஏடுகள் சில, கள்ளக்காதலை விட்டுத் ‘திருமணம் கடந்த உறவு’ என்று எழுதத் தொடங்கியிருக்கின்றன. நல்லதுதான், இருவருக்கும் பொதுவான தொடர். ஆனால், அது உறவைச் சொல்கிறது. வாக்கு மீறியவரைச் சொல்லவில்லை. அவரைச் சொல்ல வேண்டிய இடத்தில் பழைய வசைகளே மீண்டும் தலைகாட்டுகின்றன. செயலுக்குப் பரத்தமை, செய்தவன் ஆணாயின் பரத்தன் என்று எழுதுவதற்கு என்ன தடை? ‘பரத்தையாகிவிடுமே பெண்பால்’ என்பர். அது வேறொரு வாழ்வின் பெயர் என்று மேலே கண்டோம். தவறிய மனைவிக்கும் தவறிய கணவனுக்கும் பொதுவாகப் பரத்தமையுடையார் என்று பலர்பாலில் சொல்லிவிடலாம்.

இது சொல் விளையாட்டென்று ஒதுக்குவோர் சட்ட நூலை இன்னொரு முறை புரட்டட்டும். 2024 சூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 497 இல்லை. ஆனால் அதன் 84ஆம் பிரிவு, இன்னொருவன் மனைவியைத் தீய நோக்கோடு கவர்ந்து செல்வதை இன்றும் குற்றமென்கிறது. கவர்ந்து செல்லப்படும் கணவனைப் பற்றி அதில் பேச்சில்லை. அதே நாளில் வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144ஆம் பிரிவு, பிறழ்ந்து வாழும் மனைவிக்கு வாழ்க்கைப்படி கிடையாது என்னும் பழைய விதியை அப்படியே எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறது. வாழ்க்கைப்படி கேட்டு நீதிமன்றப் படியேறும் ஏழைப் பெண்ணின் மேல் கணவனின் வழக்குரைஞர் முதலில் எறியும் கல் அந்த விதிதான். அதைத் தமிழில் எழுதி அவள் கையில் தரும்போது, எந்தச் சொல்லை எழுதித் தருகின்றனர் என்பதை நம் தோழர்கள் ஒரு முறை வாங்கிப் படித்துப் பார்க்கட்டும்.